நூற்றுக்கு நூறு சுத்தம்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் எடுப்பதற்குள் நின்றது. மறுபடி அடித்தது.

"மேடம்... எங்க முதலாளி செத்துட்டார்."

"எப்படி?"

"தண்ணி குடிச்சு."

"எத்தனை வருஷமா குடிக்கிறார்? ஈரல் போயிருக்கும். எனக்கு எதுக்குப் போன் பண்றீங்க, டாக்டருக்குப் பண்ணுங்க."

"அந்தத் தண்ணி இல்ல மேடம். நிஜத் தண்ணி. நாங்க பாட்டில்ல அடைச்சு விக்கிறோமே... அது."

இன்ஸ்பெக்டர் தன் மேஜையைப் பார்த்தாள். அதே கம்பெனி பாட்டில் நின்றுகொண்டிருந்தது. பாதி காலி. காணாமல் போன பாதி அவள் வயிற்றில் இருந்தது.

பாட்டிலை இரண்டு விரலால் மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"ஏட்டய்யா... ஜீப்பை எடுங்க."

தொழிற்சாலை வாசலிலேயே வழி மறித்தார்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமாம். தலைக்கு வலைத் தொப்பி போட வேண்டுமாம்.

"பொணத்தைப் பாக்க வந்திருக்கோம். அதுக்கு எதுக்குய்யா தொப்பி?" என்றார் ஏட்டு.

"முடி விழுந்தா அசுத்தம் சார்."

"எனக்கு விழறதுக்கு அங்க ஒண்ணும் இல்லப்பா. இருந்தாலும் கேட்டதுக்கு நன்றி." மாட்டிக்கொண்டார்.

உள்ளே சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை. ஆள் உயர எழுத்தில் 'நூற்றுக்கு நூறு சுத்தம்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய மெஷின் ஊரையே சலவை செய்வதைப் போல உறுமிக்கொண்டிருந்தது.

முதலாளியின் அறை மாடியில் இருந்தது.

எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் அந்த மனிதர் மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குவதைப் போலத்தான் இருந்தது. ஆனால் தூங்குகிறவர்களுக்குக் கண் அவ்வளவு திறந்திருக்காது.

வலது கைப் பக்கம் கம்பெனி பாட்டில். மூடி திறந்திருந்தது. தண்ணீர் பாதிதான் இருந்தது. இடது பக்கம் வீட்டிலிருந்து வந்த ஃபிளாஸ்க். தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் சுகாதாரத் துறையின் தூய்மைச் சான்றிதழ். அதற்கென்று தனி பல்பு. மூலையில் பச்சைப் பசேலென்று ஒரு தொட்டிச் செடி.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான் மேடம்." இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவன் முன்னால் வந்தான். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். கண்ணில் துடைக்கும்படியாக ஒன்றும் இல்லை. "மருமகன். நிர்வாகமும் நான்தான். இங்க எல்லாரும் மாப்ள சார்னு கூப்பிடுவாங்க."

"நான் கூப்பிட மாட்டேன். சொல்லுங்க."

"தினமும் காலையில லைன்ல வர்ற முதல் பாட்டில் லேபுக்குப் போகும். அங்க பாத்துட்டு மாமா மேஜைக்கு அனுப்புவாங்க. கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து வழக்கம். இன்னிக்கும் வந்துச்சு. குடிச்சார்... போயிட்டார்."

"லேப்ல யாரு?"

அந்தக் கேள்விக்காகவே அவன் குளித்துக் கிளம்பி வந்திருக்க வேண்டும்.

"ஒரு பொண்ணு மேடம். அவகிட்ட பாஷாணம் இருக்கு. ஆர்சனிக். சோதனைக் கருவி சரியாக் காட்டுதான்னு பாக்க ஒரு சின்ன புட்டி வெச்சிருப்பாங்க. சாவி அவகிட்டதான். போன வாரம் மாமாவோட பெரிய சண்டை. கதவைச் சாத்திக்கிட்டுக் கத்தினா."

"கதவு சாத்தியிருந்ததா?"

"ஆமா மேடம்."

"அப்போ உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கதவு கொஞ்சம் மெல்லிசு மேடம்."

"காது கொஞ்சம் நீளம்னும் சொல்லலாம்," என்று முணுமுணுத்தார் ஏட்டு.

பாட்டிலும் ஃபிளாஸ்க்கும் உறைக்குள் போயின. பாட்டில் ஆய்வுக்கூடத்துக்கு, ஃபிளாஸ்க் ஸ்டேஷன் அலமாரிக்கு. பெரியவர் ஆம்புலன்ஸில் போனார்.

மறுநாள் போலீஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. பாட்டிலில் ஆர்சனிக் இருந்தது. பிரேதப் பரிசோதனை டாக்டரும் அதையே சொன்னார். உடம்பிலும் ஆர்சனிக். முழு விவரம் பிறகு.

மேலதிகாரியும் போன் செய்தார்.

"விஷம் இருக்கு. விஷத்தோட சாவி வெச்சிருக்கிறவ இருக்கா. சண்டையும் இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு? சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணைக் கைது பண்ணு."

"உண்மை வேணும் சார்."

"அது அப்புறமா வரட்டும்."

போன் வைக்கப்பட்டது.

லேப் பொண்ணு ஸ்டேஷனுக்கு வந்தபோது தோளில் பெரிய பை, இடுப்பில் ஒரு குழந்தை. இரண்டரை வயதுப் பெண் குழந்தை. ஸ்டேஷனைப் பார்த்ததும் கொட்டாவி விட்டது.

"குழந்தைய எதுக்கும்மா கூட்டிட்டு வந்தே?"

"இவளைப் பாத்துக்கிற இடத்துல சாயங்காலம் பூட்டிடுவாங்க மேடம். இவங்க அப்பா கப்பல்ல வேலை. இன்னும் கரைக்கு வரல. நீங்க என்னை உள்ள வெச்சிட்டா இவளைக் கூட்டிட்டு வர ஆள் கிடையாது." குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். அழவில்லை. "என்னைக் கைது பண்ணப் போறீங்களா? அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்க. இவளை எங்க விடறதுன்னு நான் யோசிக்கணும்."

ஏட்டு குழந்தையை வாங்கிப் பெஞ்சில் உட்காரவைத்துத் தன் தொப்பியைக் கொடுத்தார். குழந்தை அதைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தேடியது.

"முதலாளியோட என்ன சண்டை?"

"சுத்தம் பண்ற மெஷின் ஓடுறதில்ல மேடம்."

"நான் பார்த்தேனே? கட்டடமே அதிர்ந்துச்சு."

"மோட்டார் ஓடும். அதுக்குள்ள தண்ணி போகாது. வடிகட்டி தேஞ்சு போச்சு, மாத்தணும். மாத்தினா செலவுன்னு மாப்ள சார்தான் யோசனை சொன்னார். போர்வெல்லேருந்து ஒரு குழாயை நேரா பாட்டில் அடைக்கிற இடத்துக்கு இழுத்துட்டாங்க. ரெண்டு வருஷமாச்சாம். நான் சேர்ந்தது இப்பதான். சேர்ந்த முதல் வாரமே கண்டுபிடிச்சேன். போர்வெல் போட்ட பாறையிலயே ஆர்சனிக் இருக்கு மேடம். யாரும் கலக்க வேண்டாம். அதுவே கலந்துதான் வருது."

"சத்தம் மட்டும் எதுக்கு?"

"வர்றவங்களுக்குக் கேக்கணுமே. சத்தம் போடாம இருந்தா சுத்தம் பண்ற மாதிரியே தெரியாதாம்."

"புகார் பண்ணலையா?"

"சுகாதாரத் துறைக்கு எழுதினேன். பதிலுக்கு அந்தச் சான்றிதழையே ஒரு நகல் எடுத்து அனுப்பினாங்க. மறுபடி எழுதினேன். மறுபடி நகல் வந்துச்சு. இந்தத் தடவை கலர்ல."

ஏட்டு சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"கதை நல்லாத்தான் இருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். "ஆனா பாட்டில்ல விஷம் இருந்தது உண்மை. எங்க ஆய்வுக்கூடம் சொல்லியிருக்கு."

"அந்த ஒரு பாட்டிலை மட்டும்தானே பாத்தாங்க?"

"செத்தவர் பக்கத்துல அது ஒண்ணுதானே இருந்துச்சு?"

"ஒரு பாட்டில்ல எதையோ கலந்துட்டாங்கன்னு சொல்லணும்னா, யாரும் தொடாத இன்னொரு பாட்டிலையும் கூடவே வெச்சுப் பாக்கணும் மேடம். இல்லேன்னா எது புதுசா வந்தது, எது ஏற்கனவே இருந்ததுன்னு எப்படித் தெரியும்? எங்க வேலையில முதல் நாள் சொல்லிக் குடுக்கறதே அதுதான். போலீஸ் அவசரத்துல உங்க ஆளுங்க அதை விட்டுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தாள். பிறகு ஏட்டைப் பார்த்தாள்.

"எதிர்க் கடையில ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாங்க. சீல் உடையாம."

லேப் பொண்ணு பையிலிருந்து சின்னச் சின்ன ஜாடிகளையும் ஒரு பொடியையும் வெள்ளைக் காகிதத் துண்டுகளையும் எடுத்தாள். ஒவ்வொரு ஜாடியிலும் ஒவ்வொரு தண்ணீர். ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் ஒரு காகிதம். பழுப்பானால் ஆர்சனிக்.

கடையில் வாங்கிய முதல் பாட்டில்... இரண்டாவது பாட்டில்... இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்த பாட்டில்... பெரியவருடைய ஃபிளாஸ்க்கில் மிச்சம் இருந்தது. கடைசியாக, ஸ்டேஷன் பின்கட்டில் பாசி பிடித்து ஒழுகும் குழாயிலிருந்து ஒரு டம்ளர். அது ஏட்டின் யோசனை.

காத்திருந்தார்கள். குழந்தை தொப்பியை மாட்டிக்கொண்டு தூங்கிப் போனது.

மூடிகள் திறந்தன.

முதல் பாட்டில் பழுப்பு. இரண்டாவதும் பழுப்பு. இன்ஸ்பெக்டர் குடித்தது பழுப்பு. ஃபிளாஸ்க்கும் பழுப்பு.

பாசிக் குழாய் மட்டும் வெள்ளை.

"நான் வந்த நாள்லேருந்து அந்தக் குழாயைத் திட்டிக்கிட்டிருக்கேன்," என்றார் ஏட்டு. "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரவா மேடம்?"

இன்ஸ்பெக்டர் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் தினமும் இதைத்தான் குடிக்கிறேன்."

"கையைக் காட்டுங்க." லேப் பொண்ணு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஆனா ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இன்னியோட நிறுத்திடுங்க."

"ஊர்ல எல்லாருமே குடிக்கிறாங்களே?"

"ஆஸ்பத்திரியில ஏன் எப்பப் பாத்தாலும் கூட்டம்னு நினைக்கிறீங்க? எல்லாரும் சாப்பாட்டைச் சந்தேகப்படறாங்க. காத்தைச் சந்தேகப்படறாங்க. மாத்திரை போட்டுக்கறாங்க. எந்தத் தண்ணியோட போட்டுக்கறாங்கன்னு யாரும் பாக்கறதில்ல."

"அப்போ பெரியவர் செத்ததும் இதனாலதானா?"

"அதுதான் எனக்கும் புரியல மேடம். அவர் அந்த பாட்டிலை வாயில வெச்சதே இல்ல. தினமும் பாதியைச் செடிக்கு ஊத்திடுவார். பாக்க வர்றவங்களுக்குப் பாதி காலியாத் தெரியணும், அவ்வளவுதான். வீட்டுத் தண்ணிதான் குடிப்பார். வீட்டுல தனியா நல்ல வடிகட்டி இருக்காம்."

"செடி சாகலையே?"

"பிளாஸ்டிக் செடி மேடம்."

போன் அடித்தது. டாக்டர்.

"முழு விவரம் வந்துடுச்சு. ஒரே நாள்ல குடுத்த விஷம் இல்ல. முடியில இருக்கு, நகத்துல இருக்கு. மாசக்கணக்கா உள்ள போயிருக்கு. இதயம் ஏற்கனவே பலவீனம். தாங்கல."

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்துவிட்டு, பழுப்பேறிய நான்காவது காகிதத்தை எடுத்தாள். வீட்டு வடிகட்டித் தண்ணீர் இருந்திருக்க வேண்டிய ஃபிளாஸ்க்.

"ஏட்டய்யா... வீட்டுத் தண்ணிக்குப் பதிலா யாரோ அவருக்கு அவரோட கம்பெனி தண்ணியவே ஊத்திக் குடுத்திருக்காங்க."

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

மாப்ள சார் இறங்கினான். கூடவே கறுப்புக் கோட்டு வக்கீல். பின்னால் ஒரு பெண். வெளுத்த முகம், அதே நிறத்தில் புடவை. பெரியவரின் ஒரே மகள். மாப்ள சாரின் மனைவி.

"இன்னும் கைது பண்ணலையா?" உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தான். "பாட்டில்ல விஷம்னு உங்க ஆய்வுக்கூடமே சொல்லிடுச்சு. இவளை இப்படி உக்கார வெச்சு உபசாரம் பண்றீங்க."

"ஒரு சின்னச் சந்தேகம். உங்க மாமாவோட ஃபிளாஸ்க்ல தினமும் யார் தண்ணி ஊத்துவாங்க?"

"என் மனைவிதான். ஏன்?"

சொல்லிவிட்டான். சொன்னது என்னவென்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

பின்னால் பெஞ்சில் குழந்தை விழித்துக்கொண்டது. தூக்கக் கலக்கத்தோடு இறங்கி மேஜை அருகே வந்தது. எட்டி ஒரு பாட்டிலை எடுத்தது. இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

லேப் பொண்ணு எழுந்து பாய்வதற்குள்...

மகள் பாய்ந்துவிட்டாள்.

பாட்டில் பறந்து சுவரில் மோதியது. தரையெல்லாம் தண்ணீர். குழந்தை வீறிட்டு அழுதது. மகள் தன் முந்தானையால் அதன் உதட்டைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். மறுபடியும்.

"உள்ள போச்சா? கண்ணு, வாயைத் திற. ஒரு வாய்கூடப் போகலையே?"

லேப் பொண்ணு குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டாள்.

"போகல அக்கா," என்றாள் மெதுவாக.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. உங்க அப்பா கம்பெனி தண்ணி. நூத்துக்கு நூறு சுத்தம். அதைப் பாத்து எதுக்கு இவ்வளவு பயம்?"

மகள் உட்கார்ந்தாள். கணவனைப் பார்க்கவில்லை.

"நானும் அப்படித்தான் நம்பினேன். கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போனப்போ இவர்தான் கேன் கேனா கொண்டுவந்து இறக்குவார். அப்பா கம்பெனியாச்சேன்னு பெருமையாக் குடிச்சேன். மாசமா இருந்தப்போ இன்னும் நிறையக் குடிச்சேன். டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னார்." ஈர முந்தானையைப் பிழிந்தாள். "குழந்தை பொறந்துச்சு. அழல."

"நீ சும்மா இரு. வா, வீட்டுக்குப் போலாம்," என்றான் மாப்ள சார்.

"அப்புறம் அப்பாவைப் பாத்துக்கணும்னு அவர் வீட்டுக்கே வந்துட்டோம். ஒரு நாள் வடிகட்டி ரிப்பேர். கம்பெனி பாட்டில் ஒண்ணைத் திறந்து அப்பாவுக்கு டம்ளர்ல ஊத்தினேன். வாய் வரைக்கும் கொண்டுபோனார். மேஜையில பாட்டிலைப் பாத்தார். அப்படியே பாத்திரம் கழுவுற தொட்டியில கொட்டிட்டார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்... 'இது விக்கிற தண்ணிம்மா. குடிக்கிற தண்ணி இல்ல.'"

டம்ளரைக் கவிழ்ப்பதைப் போல வெறுங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"என்னை வயித்துப் பிள்ளையோட பாக்க வந்தப்பவும் அவர் தன் ஃபிளாஸ்க்கைத்தான் எடுத்துட்டு வந்தார். எதிர்ல உக்காந்து நான் கேன் தண்ணி குடிக்கிறதைப் பாத்தார். ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா கம்பெனி ரகசியம் வெளிய வந்துடுமே. அவர் அந்த டம்ளரைக் கொட்டின அடுத்த நாள்லேருந்து ஃபிளாஸ்க்ல அவர் விக்கிறதையே ஊத்திக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"அது உயிரை எடுக்கும்னு தெரியுமா?"

"எனக்குள்ளயே ஒரு உயிரை எடுத்திருக்கு மேடம். தெரியாம இருக்குமா?" லேப் பொண்ணு பக்கம் திரும்பினாள். "நீ உள்ள போகப் போறேன்னு இவர் கார்ல சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதான் வந்தேன். வாசல் வரைக்கும் தைரியம் இல்ல. உன் பொண்ணு பாட்டிலை எடுத்ததும் வந்துடுச்சு." கைகளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். "எழுதிக்கோங்க. விஷம் குடுத்துக் கொன்னது நான்தான்."

மாப்ள சாரின் முகத்தில் முதலில் ஒரு மலர்ச்சி வந்தது. மாமனாரும் இல்லை, மனைவியும் உள்ளே. கம்பெனி யாருக்கு?

வக்கீல் அவன் காதில் ஏதோ சொன்னார்.

மலர்ச்சி அப்படியே வாடியது.

"இல்ல!" என்று கத்தினான். "விஷமே இல்ல! என் மனைவி ஒரு பாவமும் அறியாதவ. எங்க தண்ணி நூத்துக்கு நூறு சுத்தம். சான்றிதழ் இருக்கு. பெத்த அப்பாவுக்குச் சுத்தமான தண்ணி குடுக்கறது கொலையா மேடம்?"

"இவ்வளவு நேரமும் பாட்டில்ல விஷம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பு. அந்த பாட்டிலும் சுத்தம்தான்."

"அப்போ லேப் பொண்ணு?"

"அவ மேல புகாரே இல்ல. வாபஸ். எங்க கையெழுத்துப் போடணும்?"

ஏட்டு பேனாவோடு பக்கத்திலேயே தயாராக நின்றார். மாப்ள சார் கையெழுத்துப் போட்டான். லேப் பொண்ணு நாளெல்லாம் அடக்கி வைத்திருந்ததைக் குழந்தையின் தோளில் அழுது தீர்த்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம்மா," என்றாள் இன்ஸ்பெக்டர். "அந்த ஜாடியெல்லாம் இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு சாட்சி சொல்ல வரணும்."

"எதுக்கு சாட்சி?" மாப்ள சார் திடுக்கிட்டான். "அதான் கொலையே இல்லைன்னு ஆயிடுச்சே?"

"உங்களுக்கு ஆயிடுச்சு. உங்க மனைவி கொன்னேன்னு சொல்றாங்க. உடம்புல விஷம் இருக்கு, ஃபிளாஸ்க்ல விஷம் இருக்கு. நான் பதிவு பண்ணித்தான் ஆகணும்." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினாள். "கொலைன்னு வந்துட்டா, கொலை ஆயுதத்தைப் பறிமுதல் பண்ணணும். ஏட்டய்யா, கம்பெனி குடோனுக்குப் போங்க. லாரியில ஏத்தினது, கடையில அடுக்கினது, ஒரு பாட்டில் விடாம எல்லாத்துக்கும் சீல் வைங்க. அந்தப் போர்வெல்லுக்கும் சேர்த்து. அத்தனையும் கொலை ஆயுதம்."

"மேடம், அது சுத்தமான தண்ணி!"

"கோர்ட்ல சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அந்தக் குழாயை இழுத்தது யாருன்னு நானும் உங்களை விசாரிக்கணும். உக்காருங்க."

மகள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவளுக்காக ஏட்டு கொண்டுவந்து வைத்த பாசிக் குழாய்த் தண்ணீரை முழு டம்ளரும் குடித்தாள்.

"கோர்ட்டுல நான் குத்தவாளின்னு தீர்ப்பு வந்தா, இது விஷம்னு எழுதுவாங்கதானே மேடம்?"

"எழுதித்தான் ஆகணும்."

"போதும். எனக்கு வக்கீல் வேண்டாம்."

"வேணும்!" மாப்ள சார் வக்கீலின் கோட்டைப் பிடித்து உலுக்கினான். "சார், இவளை எப்படியாவது காப்பாத்துங்க. இன்னும் பெரிய வக்கீல் யார் இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. என் பொண்டாட்டி நிரபராதி சார்... நிரபராதி!"

தொண்டை கட்டும்வரை கத்தினான். இந்த முறை கைக்குட்டைக்கு வேலை இருந்தது. நிஜக் கண்ணீர்.

வாசலில் ஜீப்பில் ஏறப் போன ஏட்டு நின்று திரும்பிப் பார்த்தார்.

"பொண்டாட்டியக் காப்பாத்த ஒரு மனுஷன் இப்படித் துடிக்கிறதை நான் பாத்ததே இல்ல மேடம். என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிஞ்சா, உனக்கு இதுல கால்வாசி பாசமாவது என்மேல இருக்கான்னு கேப்பா."

"கேட்டா, நமக்குச் சொந்தமா கம்பெனி இல்லைன்னு சொல்லிடுங்க ஏட்டய்யா."